பெல்ட் அறுவதற்கு முன்

அமிர்தி வனப்பூங்காவுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் பயம் என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள்வரை எங்கள் வண்டிக்குள் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

மகள் மான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் நான், என் கணவர், மகள் மூன்று பேரும் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தோம். மான்களைப் பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகமில்லாத அருவியில் காலை நனைத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பினோம். அங்கே எங்கள் வண்டியைப் போலவே ஒரு வெள்ளை டீசல் கார், முன்பக்கம் தூக்கிக் கட்டப்பட்டு, இன்னொரு வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் சட்டையெல்லாம் வியர்வையாக நின்றிருந்தார். அவர் மனைவி மரத்தடியில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு சார்?" என்று என் கணவர் கேட்டார்.

"டைமிங் பெல்ட்டு அறுந்துடுச்சாம். வளைவுல வந்துட்டு இருந்தோம், டக்குனு இன்ஜின் நின்னுச்சு. ஸ்டீரிங் கல்லு மாதிரி ஆய்டுச்சு. பிரேக்கு ரெண்டு தடவ அமுங்குச்சு, அப்புறம் அமுங்கவே இல்ல. பின்னாடி பஸ்ஸு வேற. எப்டி ஓரம் கட்டினேன்னு எனக்கே தெரியல."

"சத்தம் கித்தம் எதுவும் வரலியா?"

"ஒண்ணும் வரல சார். நேத்து வேலூர் போய்ட்டு வந்தேன், பூ மாதிரி ஓடுச்சு." பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தார். "உங்களுதும் இதே வண்டிதானே? நீங்க எப்ப மாத்துனீங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வண்டி என்பது என் விஷயம். அவர் குடியாத்தத்தில் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் பவர்லூம் வைத்து லுங்கி நெய்பவர், ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் போய்வருவதற்காக இந்தக் காரை ஒரு தரகர் மூலம் கலவை என்ற ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தோம். எண்ணெய் மாற்றினேன், டயர் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன். பெல்ட்?

"தெரியல சார்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது மலையிறக்கம் முழுக்க என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.

அன்று மாலையே வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. இன்ஜினுக்குள் மேலும் கீழும் போகிற பிஸ்டன் ஒரு பக்கம், திறந்து மூடுகிற வால்வு ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் தாளம் தப்பாமல் ஓடுவதற்குப் பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் தாளம் போய்விடும். பிஸ்டன் போய் வால்வை முட்டும். மாற்றுவதற்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். எங்கள் வண்டி வருடக் கணக்கை எப்போதோ தாண்டியிருந்தது. கிலோமீட்டர் மட்டும் ஆச்சரியமாகக் குறைவாக இருந்தது. வாங்கும்போது அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டோம். இப்போது அந்த எண்ணே பொய்யாக இருக்குமோ என்று தோன்றியது.

கலவைக்காரரின் எண்ணுக்குப் போன் செய்தேன். அவர் மகன் எடுத்தார். "அப்பா போன வருஷம் தவறிட்டாரும்மா. வண்டி விஷயம்லாம் அவருதான் பாத்துக்குவாரு. பெல்ட்டு மாத்தினாரா இல்லியான்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது." துக்கம் விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன். இனிமேல் கேட்க ஆளில்லை.

"கிலோமீட்டர் கம்மியாதானே ஓடியிருக்கு," என்றார் என் கணவர். "எங்க லூம்லயும் பெல்ட்டுதான் ஓடுது. அறுந்துபோறதுக்கு முன்னாடி பட்டுபட்டுனு அடிக்கும். அப்பவே தெரிஞ்சிடும். அறுந்தாலும் இன்னா, வேற ஒண்ணு மாட்டிட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் வேலை எனக்கு வேறொன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தது. எங்கள் கூடத்தில் ஷூவை ஒரு எந்திரத்தில் மாட்டி, மனிதக் கால் மடங்குவது போல விடாமல் மடக்கிக்கொண்டே இருப்போம். அடிப்பாகத்தில் முதல் வெடிப்பு எப்போது வருகிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். அட்டைப் பெட்டிக்குள் பல வருடம் சும்மா கிடந்த ஷூ, யாரும் போட்டு நடக்காதது, கையில் எடுத்தவுடன் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்துபோகும். ஓடாமல் இருந்தால் பழசாகாது என்று நினைப்பவர்கள் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போதே ஆம்பூரில் நான் வழக்கமாக வண்டியைப் பழுதுபார்க்க விடுகிற மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சவுண்டு நல்லாத்தான் இருக்கு மேடம். இன்னும் ஓடும்."

"பாத்துச் சொல்ல முடியாதா பாய்?"

"கவர கழட்டுனா ஓரம் மட்டும் தெரியும். முழுசா பாக்கணும்னா எல்லாத்தையும் எறக்கணும். எறக்குன பெறவு பழசையே திருப்பி மாட்டுவாங்களா?"

"அப்போ மாத்திடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழுதாகாத ஒன்றை மாற்றச் சொல்லி வருகிறவர்கள் குறைவு போலிருக்கிறது. பெல்ட் மட்டும் போட்டால் போதாது, அதை இழுத்துப் பிடிக்கிற உருளைகளையும், அதோடு சேர்ந்து சுற்றுகிற தண்ணீர் பம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். பழைய மாடல் என்பதால் அந்தச் செட்டு ஆம்பூரிலும் இல்லை, வேலூரிலும் இல்லை. சென்னையிலிருந்து வரவேண்டும். "வந்ததும் போன் பண்றேன். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க. பேஜாரா எடுத்துக்காதீங்க மேடம்."

மெதுவாக ஓட்டினால் பெல்ட் அறாதா என்று கேட்டேன். அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

நான் மட்டும் போகிற வண்டியாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு பெண் என்னோடு வந்துகொண்டிருந்தாள். எங்கள் கம்பெனியிலேயே சாம்பிள் தைக்கிற பிரிவில் வேலை. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. பஸ்ஸில் போனால் குலுங்கும் என்று, முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்தே நான்தான் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாதனூர் வழியாக ஹைவேயில் ஏறும்போதெல்லாம் என் கழுத்து விறைத்துப்போகும். பின்னால் வரும் லாரியின் முகம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வரும். இப்போது இன்ஜின் நின்றால் இடப்பக்கம் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிமிடமும் பார்ப்பேன். பாலத்தின் மேல் இடம் கிடையாது. அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஏசியை அணைத்துவிட்டேன். பாட்டையும் நிறுத்திவிட்டேன். சத்தமே வராமல் அறுந்துவிடும் என்று தெரிந்தும் காது தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னாக்கா, நாலஞ்சு நாளா பாட்டே போடல? வீட்ல சண்டையா?" என்று கேட்டாள் அவள்.

சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அவள் வயிற்றில் இருப்பது அவளுடைய குழந்தை. எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அமிர்தியில் பார்த்ததிலிருந்து பாய் சொன்னது வரை சொன்னேன். அவள் துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இப்ப நின்னுடுமாக்கா?"

"நிக்கலாம். ஒரு வருஷம் நிக்காமலும் ஓடலாம்."

"பயமுறுத்தாதக்கா," என்று சிரித்தாள். ஆனால் ஆம்பூர் வரும்வரை கதவின் மேலிருந்த கைப்பிடியை விடவில்லை.

மறுநாள் காலை அவளுக்கு முன்னால் அவள் மாமியார் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, இந்த வண்டி எப்ப வேணா நின்னுடுமாமே?"

"அப்டி இல்ல பெரியம்மா. நிக்கலாம், நிக்காமலும் இருக்கலாம்."

"அது இன்னா பேச்சு? ஒண்ணு சொல்லு."

ஒன்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. என்னிடம் அந்த ஒன்று இல்லை.

"ரெண்டு தங்கல," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "வண்டி நின்னா நிக்கட்டும். எங்களுக்கு இது நிக்கணும்."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். கார் வீட்டுக்கு முன்னால் புழுதி படிந்து நின்றது. காலை நேரத்து பஸ் முழுக்கக் கம்பெனிப் பெண்கள். இடம் பிடித்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கூட்டம் அவள் மேல் சாயாமல் நான் குறுக்கே நின்றுகொள்வேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, டிரைவர் ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றி இறக்கினார். மொத்த பஸ்ஸும் ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்குதா?"

"புடிச்ச மாதிரி இருக்குக்கா."

கம்பெனியின் முதலுதவி அறையில் அவளைப் படுக்கவைத்தோம். நர்ஸ் பார்த்த பிறகு ஆம்பூரில் டாக்டரிடமும் காட்டினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் பஸ் வேண்டாம் என்றார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். வராத ஆபத்துக்குப் பயந்து வந்த ஆபத்தில் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேனோ? பெல்ட்டைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்று காலை அவள் என் வண்டியில் மெத்தென்று உட்கார்ந்து வந்திருப்பாள். ஆனால் அதே காலையில் பெல்ட் அறுந்திருந்தால்? இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனம் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

பிரசவத்துக்குப் பிறகு குழந்தையோடு இருப்பதற்காக அவள் லீவை மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். அதிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. "நீ வண்டி ரெடி பண்ணுக்கா, நான் வந்துடுறேன்," என்று போனில் சொன்னாள். குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பாய்க்குத் தினமும் போன் செய்தேன். ஒருநாள் செட்டு வந்துவிட்டது என்றார். வேலை முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அது பெட்ரோல் வண்டிக்கான பெல்ட். திருப்பி அனுப்பி, சரியானது வர இன்னும் சில நாள் ஆனது.

கடைசியில் அது வந்தபோது இன்னொரு சிக்கல். வண்டி குடியாத்தத்தில், பட்டறை ஆம்பூரில். கட்டி இழுத்துப் போகலாமா என்று கேட்டதற்குப் பாய் சிரித்தார். "ஓடுற வண்டிய யாராவது இழுத்துட்டு வருவாங்களா? ஓட்டிட்டு வாங்க மேடம்."

காலையில் நான் சாவியை எடுத்தபோது என் கணவர் லூமை நிறுத்திவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு?"

"நின்னுச்சுன்னா தள்றதுக்கு ஆளு வேணாமா?"

லூம் பெல்ட் பட்டுபட்டென்று அடிக்கும் என்று சொன்ன மனிதர், அன்று இன்ஜின் பக்கமே காதைச் சாய்த்து வைத்திருந்தார். நான் மூன்றாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போனேன். ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். படபடவென்று ஒரு சத்தம்.

"நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார்.

நான் ஏற்கெனவே ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினை அணைத்தேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் இறங்கி முன்னால் குனிந்தார், பின்னால் போனார், தரையில் முழங்கால் போட்டுப் பார்த்தார். எழுந்தபோது கையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் சாக்குத் துண்டு இருந்தது. ரோட்டில் கிடந்தது சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எனக்குத் தூக்கிக் காட்டினார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அவர் நெற்றியும் வியர்த்திருந்தது.

கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்தேன். பாய் ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றி, கவர்களைக் கழற்றி, பெல்ட் சுற்றுகிற பல்சக்கரங்கள் நகராமல் இருக்க ஒரு கம்பியைச் சொருகி, பிறகு அந்தப் பெல்ட்டை உருவி எடுத்தார். அவ்வளவு நாள் என்னைத் தூங்கவிடாத பொருள் ஒரு கறுப்பு வளையம். கையில் எடைகூட இல்லை.

கூடத்தில் செய்வது போல அதைப் பின்பக்கமாக வளைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முதுகில் குறுக்காக மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். நேராகப் பிடித்தால் மறைந்துவிடும், வளைத்தால் வாய் திறக்கும். இரண்டு பல்லின் அடியில் நூல் பிரிந்திருந்தது. பழைய தண்ணீர் பம்ப்பின் ஓரத்தில் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம்.

"இது எவ்ளோ நாள் ஓடியிருக்கும் பாய்?"

"ஓடியிருக்கும் மேடம், இன்னும் ஓடியிருக்கும். நாளைக்கே போனாலும் போயிருக்கும். அத நான் எப்டி சொல்றது?" அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"நீ எடுத்துட்டுப் போயி உன் மெஷின்ல போட்டுப் பாரேன்," என்றார் என் கணவர். எனக்கும் அந்த ஆசை வந்தது. அறும்வரை மடக்கிப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும்தான். ஷூவை நாங்கள் உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். இதில் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் மாற்றுகிறோம். பழைய பெல்ட்டைப் பாயின் கழிவு டிரம்மிலேயே போட்டுவிட்டேன்.

புதியதை மாட்டி முடித்ததும் பாய் நேராகச் சாவியைப் போடவில்லை. ஒரு நீளமான ஸ்பேனரை மாட்டி இன்ஜினைக் கையாலேயே சுற்றினார். உள்ளே எதுவும் இடிக்காமல் சுற்றுகிறதா என்று இப்படிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வாராம். கொஞ்சம் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது. அழுத்தினார். நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்ததைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னா பாய்?"

அவர் குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் கைவிட்டுத் தடவினார், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கம்பிய எடுக்கல மேடம்." சக்கரம் நகராமல் இருக்கச் சொருகியிருந்த கம்பி உள்ளேயே இருந்தது. உருவி எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். "அதுக்குத்தான் கையால சுத்திப் பாக்குறது," என்றார், எனக்கு ஆறுதல் சொல்வது போல. எனக்கு ஆறுதலாக இல்லை. இதை மறந்தவர் வேறு எதை மறந்திருப்பார்?

"இன்னொரு வாட்டி எல்லாத்தையும் பாருங்க பாய். நான் வெயிட் பண்றேன்."

அவர் முறைக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மறுபடியும் கையால் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, எங்கும் இடிக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பானெட்டின் உட்பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டால் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதச் சொன்னேன். எனக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குகிறவர் யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்காது.

அதோடு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒரு வாரம் தனியாகவே ஓட்டினேன். காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர் கசிகிறதா என்று பார்த்தேன். இன்ஜின் சத்தம் முன்பைவிட மெல்லியதாக இருந்தது, அதற்கும் பயந்தேன். பாயிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அவளுக்குப் போன் செய்தேன்.

திங்கட்கிழமை காலை அவளும் மாமியாரும் சேர்ந்தே வந்தார்கள்.

"மாத்தியாச்சா?" என்றாள் மாமியார்.

"மாத்தியாச்சு பெரியம்மா."

"இனிமே நிக்காதில்ல?"

"பெல்ட்டால நிக்காது."

"வேற எதால நிக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் உண்மையாகத்தான் கேட்டாள். பதில் சொல்வதற்குள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நானும் வர்றேன் இன்னைக்கு. எப்டிப் போவுதுன்னு பாக்குறேன்." மருமகள் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆம்பூர் வரை மாமியார் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பெனி வாசலில் இறங்கியதும், "பரவால்ல, நல்லாத்தான் போவுது," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போக பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். அந்த வேகத்தடைகளின் மேல் அவள் ஒருத்தி குலுங்கிக்கொண்டே திரும்பிப் போனாள்.

வண்டி எங்கும் நிற்கவில்லை. ஒன்பதாம் மாதத் தொடக்கம்வரை அவள் என்னோடு வந்தாள். பெண் குழந்தை, வேலூரில், நல்ல எடையோடு பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர என்னைத்தான் கூப்பிட்டார்கள். குழந்தை அம்மாவின் மடியில் கையை மூடிக்கொண்டு தூங்கியது. பள்ளிகொண்டா தாண்டும்போது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"அவன் கெடக்கிறான், நீ மெதுவாவே போ," என்றாள் மாமியார்.

நான் இடப்பக்கம் ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, மெதுவாகவே போனேன்.